அப்பாவுக்கு வரவேண்டிய ஏச்சு

அப்பாவை யாரும் ஏசுவதில்லை என்பதுதான் ஒஸ்லோவின் அந்தப் பனி மாரிகாலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த துக்கம்.

சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நாங்களும் இப்போது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் முந்நூற்று நான்கு விளையாடும் மேசையில் ஒருமுறையாவது இருந்து எழும்பியவர்களுக்குத் தெரியும், அங்கே ஏச்சுத்தான் மரியாதை. நான்கு பேர். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு எட்டுச் சீட்டு. அதிகப் புள்ளி எடுப்பதாகக் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார், அதன் இனந்தான் துரும்பு, மற்ற எதையும் வெட்டும். ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். அதைக் கெடுத்தது யார் என்ற வழக்குத்தான் முடியாது. "உனக்கு மண்டைக்குள்ளை மூளை இருக்கோ, முட்டைக்கோவா இருக்கோ?" மோர்டென்ஸ்ருட் பகுதியில் ஒரு மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமை தோறும், அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டும் கேட்கப்பட்டும் வாழ்ந்தவர். ஏச்சு வாங்கிய நாள்களில் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவார்.

பிறகு அவருக்கு மறக்கத் தொடங்கியது. துரும்பு எது என்று மறந்தார். எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது இன்னும் வெளியே நிற்கிறது என்று மறந்தார். முதலில் ஏசினார்கள். அப்பாவின் கூட்டாளி ஒரு மட்டக்களப்பு மனிதர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவர் மேசையில் குத்தி ஏசினார். அப்புறம் அப்பா ஞாபகக் கிளினிக்குக்குப் போய்வந்த கதை பரவியது. எங்கள் ஆட்களிடையே ஒரு கதை பரவ ஒரு கோவில் பூசை போதும். அடுத்த சனிக்கிழமை அப்பா துரும்பை மறந்து ஆட்டத்தைக் கெடுத்தபோது மேசை அமைதியாக இருந்தது. "பரவாயில்லை அண்ணை" என்று ஒருவர் சொன்னார். அதற்கடுத்த சனி, ஹீட்டருக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட கதிரை ஒன்று போட்டிருந்தார்கள். "அண்ணை, நீங்கள் இதிலை வசதியா இருந்து பாருங்கோ." அப்பாவின் இடத்தில் வேறொருவர்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அம்மாவிடம், "என்னை ஏசிறாங்களில்லை" என்று மட்டும் சொன்னார்.

கிளினிக் டொக்டர் நிதானமானவர். இது டிமென்சியா இல்லை என்றார். வயதானால் வருகிற சாதாரண மறதி என்றும் ஒதுக்கிவிட முடியாது, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, சிலர் அங்கேயே பல காலம் இருக்கிறார்கள், சிலர் திரும்பியும் வருகிறார்கள் என்றார். எனக்கு அந்த இடம் உடனே தெரிந்தது. நான் டிராம் ஓட்டுகிறவள். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் சிவப்பு விழுந்து நிற்கும்போது கதவைத் திறக்கவும் முடியாது, போகவும் முடியாது, பயணிகள் எல்லாரும் கண்ணாடியூடாக ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மரம் அப்போது எவ்வளவு வடிவாக இருக்கும் என்று நான் அந்த அறையில் நினைத்தேன். நினைக்கக்கூடாத நேரத்தில் நினைப்பதுதான் என் பழக்கம்.

அங்கே பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி இருந்தாள். கொத்துமல்லி நிறத்தில் பின்னல் சட்டை, உரத்த சிரிப்பு. வீட்டுக் கணினியில் செய்ய ஒரு மூளைப் பயிற்சியைத் திறந்து காட்டினாள். திரையில் ஒரு வயல். கண் வெட்டும் நேரம் பறவைகள் தோன்றி மறையும். அதில் ஒன்று மட்டும் வேறுமாதிரி. அது எங்கே நின்றது என்று மவுஸால் அழுத்திக் காட்டவேண்டும். இன்னொன்றில் படங்கள் ஒவ்வொன்றாக வரும், இரண்டு படத்துக்கு முன் வந்ததே திரும்ப வந்தால் அழுத்தவேண்டும். சரியாகச் செய்யச் செய்யப் பயிற்சி தானாகக் கடினமாகும். பறவைகள் கூடும், நேரம் குறையும். பிழைவிட்டால் இலகுவாகும். ஆளின் அளவுக்கு அதுவே தன்னைத் தைத்துக்கொள்ளும் என்றாள்.

"இதைச் செய்தா நான் சனிக்கிழமை மேசையிலை இருக்கலாமோ எண்டு கேள் பிள்ளை."

அப்பாவுக்காக நோர்வேஜிய மொழியில் கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "இந்த விளையாட்டைச் செய்தால் இந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார். அது சீட்டு மேசைவரை வருமா என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் செய்து பார்க்கலாம்."

நான் தமிழில் சொல்லி முடிக்கமுன்னரே அப்பா எழுந்து தொப்பியைப் போட்டுவிட்டார். செய்து பார்க்கலாம் என்ற கடைசிப் பகுதி மட்டும் அவர் காதில் ஏறியிருந்தது.

ஹொல்ம்லியாவில் எங்கள் வீடு ரயில் நிலையத்துக்குக் கிட்ட. அதனால் ரயில் பிந்தியவர், ரயிலைத் தவறவிட்டவர், ரயிலே தேவைப்படாதவர் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மணியடித்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே "அக்கா, தேத்தண்ணி இருக்கே?" என்று அம்மாவைக் கேட்டபடி உள்ளே வருவார்கள். பனி அவர்கள் மேற்சட்டையிலிருந்து இறங்கி விறாந்தையில் சின்னச் சின்ன ஏரிகளாகும். அப்பா சாப்பாட்டு மேசையில் கணினிக்கு முன்னால் இருப்பார். வந்தவர் பின்னால் நின்று பார்ப்பார்.

"இதென்ன அண்ணை, குருவி பிடிக்கிறியளோ?"

"மூளைக்கு எக்சசைஸ்."

"அந்தா, மேலை, மேலை! வலப்பக்கம்! ஐயோ போயிட்டுது."

இப்போது அப்பா செய்ததைத்தான் எங்கள் ஆட்கள் எவரும் செய்திருப்பார்கள். விருந்தாளி நின்று பார்த்துக்கொண்டிருக்க வீட்டுக்காரர் தானே விளையாடிக்கொண்டிருப்பது எங்கள் பழக்கத்தில் கிடையாது. கதிரை கொடுப்போம், தேநீர் கொடுப்போம். அப்பா மவுஸையும் கொடுத்தார். "இருங்கோ, நீங்களும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ." வந்தவர், "ச்சே ச்சே, வேண்டாம் அண்ணை" என்று இரண்டுமுறை சொல்லிவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்துவிடுவார். வடைத் தட்டுக்கு நடக்கும் அதே உபசாரம்.

அப்படி எங்கள் வீட்டு மாலைகள் பறவைகளால் நிறைந்தன. பொறியியல் படித்தவர் விளையாடினார், பல்மருத்துவமனையில் வேலை செய்பவர் விளையாடினார், மெட்ரோ ஓட்டுகிற இளம் தம்பி விளையாடி எல்லாரையும் மிஞ்சினார். பறவை மறைந்தபின் ஒரே நேரத்தில் ஐந்து விரல்கள் திரையைக் காட்டி நீளும். சரியென்றால் ஒரு கூச்சல், மேல்மாடிக் குடும்பம் உதைபந்தாட்டம் நடக்கிறது என்று நினைத்திருக்கும். படி ஏறியது. அடுத்த படி ஏறியது. திரையில் பொன்நிற நட்சத்திரங்கள் கொட்டின. அப்பா நடுவில் மாப்பிள்ளை மாதிரி இருந்து சிரித்தார். நான் விடியப்புற வேலைக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவள், நான் கண்டதெல்லாம் இந்த மாலைகளைத்தான். அப்பா தேறுகிறார் என்று டிராம் மணியைத் தேவையில்லாமல் ஒருமுறை கூடுதலாக அடித்தேன்.

காலைகளைக் கண்டவர் அம்மா.

ஒருநாள் அவர் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "கொப்பர் காலமை தனியச் செய்யேக்கை ஒண்டும் சரிவருதில்லை. குருவி வாறதும் தெரியேல்லை, போறதும் தெரியேல்லை எண்டு சொல்லுறார். நேற்று அதை மூடி வைச்சிட்டு ஜன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருந்தவர். எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்பாவிடம் கேட்டேன். அவர் சுற்றிவளைக்கவில்லை.

"எனக்குக் குறைஞ்சுகொண்டு போகுது பிள்ளை. முதல் கிழமை நல்லாச் செய்தனான். இப்ப ஒண்டுமே ஏலாமக் கிடக்கு. விடு. இனி நான் மோர்டென்ஸ்ருட் பக்கம் போகேல்லை. மெத்தைக் கதிரையையும் அவங்களே வைச்சிருக்கட்டும்."

அந்த 'விடு' என்னை விடவில்லை. அடுத்த நாள் டிராமில் எல்லா நிறுத்தமும் எனக்கு 'விடு' என்றுதான் அறிவித்தது. கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து, முறை வருமுன்னரே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பின்னல் சட்டைப் பெண் தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். அப்பா செய்த ஒவ்வொரு பயிற்சியும் ஒரு கோடாக அங்கே ஏறி இறங்கியது. ஒரு மலை, ஒரு பள்ளம், ஒரு மலை, ஒரு பள்ளம். நான் கடற்கரைப் பாறைகளை நினைத்தேன். அவள் நெற்றியைச் சொறிந்தாள்.

"நானே உங்களைக் கூப்பிட இருந்தேன். எனக்கு இது விளங்கவில்லை. காலையில் உங்கள் அப்பா தன் வயதுக்காரர். மாலையில் அவர் ஒரு போர்விமான ஓட்டி. மாலையில் என்ன சாப்பிடுகிறார்?"

தமிழில் சொன்னேன். அப்பா யோசித்தார். "பின்னேரத்திலை நான் எங்கை செய்யிறது? வாற ஆக்கள்தானே செய்யிறவை."

"என்ன சொல்கிறார்?"

"விருந்தாளிகள் விளையாடுகிறார்களாம்."

"அவருடைய கணக்கிலா?"

"அவருடைய கணக்கில். ஐந்தாறு பேர் சேர்ந்து."

அவள் மறுபடி அந்த மலை பள்ளங்களைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. சிரிப்பு அடங்கியபின் விளக்கினாள். மாலையில் வந்தவர்கள் படிப்படியாக ஏற்றிவிட்டார்கள். காலையில் அப்பா தனியே வந்து இருந்தபோது, அந்தப் பயிற்சி அவர் அளவுக்கு அல்ல, மெட்ரோ ஓட்டுகிற தம்பியின் அளவுக்குத் தைக்கப்பட்டிருந்தது. அவர் பிழைவிடப் பிழைவிட அது கீழே இறங்கும். இறங்கி முடியமுன் மாலை வந்துவிடும், கூட்டம் வந்துவிடும், மறுபடி மேலே. அப்பாவுக்கு எதுவும் குறையவில்லை. அவர் தன் வீட்டு விருந்தாளிகளோடு தினமும் தனியாகப் போட்டிபோட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பா கேட்டார்: "அப்ப நான் மோசமாப் போகேல்லையோ?"

"உங்கள் சொந்தக் காலைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் முதல் வாரத்தில் மெல்ல ஏறியிருக்கிறீர்கள்" என்று கோட்டின் தொடக்கத்தைக் காட்டினாள். பிறகு, சீட்டு மேசைக்குப் போகிறீர்களா, அது நல்ல பயிற்சியாச்சே என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "அவங்கள் என்னை ஏசிறாங்களில்லை எண்டு சொல்லு."

வாழ்க்கையில் எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன். வரிக் காகிதம், பல்வலி, ஒரு விவாகரத்துக்கூட. நண்பர்கள் மிகவும் மரியாதையாக நடக்கிறார்கள் என்று ஒரு நோயாளி முறைப்பாடு செய்வதை நோர்வேஜிய மொழியில் சொல்ல எனக்கு மூன்று தொடக்கம் தேவைப்பட்டது. கடைசியில் சொன்னேன்: "முன்பு அவரை முட்டாள் என்று திட்டுவார்கள். இப்போது அன்பாக இருக்கிறார்கள். அவரால் தாங்க முடியவில்லை."

அவள் சிரிக்கவில்லை. "விளங்குகிறது" என்றாள். அந்தப் பயிற்சியில் 'விருந்தாளி' என்று புதிதாக ஒரு கணக்குத் திறந்துவிட்டாள். அப்பாவின் கணக்கை அவருடைய காலைகளின் அளவுக்கு இறக்கிவிட்டாள்.

பறவைகள் மறுபடி நிதானமாக வந்தன. காலையில் அப்பா ஒன்றைப் பிடிப்பார், இன்னொன்றைப் பிடிப்பார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, எத்தினை?" என்று கேட்பார். "எண்ணாதையும், எண்ணினால் பறந்திடும்." பனி உருகியது. பேர்ச் மரங்களில் பச்சை வருமுன் வரும் அந்த மங்கல் ஊதா நிறம் குன்று முழுக்கப் படர்ந்தது. எனக்குக் காரணமில்லாமல் ஓடவேண்டும்போல் இருந்தது. இரண்டுமுறை ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை ஓடினேன், கைப்பையோடு.

ஏப்ரலில் ஒரு பின்னேரம் மட்டக்களப்பு மாமா வந்தார். குற்ற உணர்ச்சியோ என்னவோ, அவர் மாரி முழுக்க எங்கள் வீட்டுப் பக்கம் குறைவு. ஒரு பை ஆப்பிளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் மிக மெதுவாக, ஆஸ்பத்திரிக் குரலில், "எப்பிடி மச்சான் சுகம்?" என்றார்.

"சத்தமாக் கதை, நான் இன்னும் சாகேல்லை" என்றார் அப்பா.

விருந்தாளிக் கணக்கை மாமாவுக்காக நான் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கிவிட்டேன். மாமா உட்கார்ந்தார். கூட்டம் இல்லை, தூண்டிவிட ஆள் இல்லை. பறவைகள் வந்தன, போயின. மாமா தவறான மூலையை அழுத்தினார். மறுபடி தவறு. கண்ணாடியைத் துடைத்தார். "மவுஸ் பழுதாப் போயிரிக்கி புள்ள." புது மவுஸ் கொடுத்தேன். "வெளிச்சம் முகத்தில அடிக்கி." திரைச்சீலையை இழுத்தேன். மறுபடியும் தவறு.

"தள்ளு" என்றார் அப்பா. அதே கணக்கு, அதே படி. உட்கார்ந்தார். வயலில் பறவைகள் தோன்றி மறைந்தன. அப்பாவின் விரல் மவுஸை அழுத்தியது, சரி. மறுபடி, சரி. மறுபடி, சரி. திரை பொன்னாகக் கொட்டியது. மாமா திரையையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீ களவா இதைப் பழகியிரிக்காய்."

"பழகினாத்தானே வரும். உனக்குப் பழகினாலும் வராது. உன்ரை மண்டை அப்பிடி."

எத்தனை மாதத்துக்குப் பிறகு! மாமாவின் முகம் சிவந்து, பிறகு விரிந்தது. ஆஸ்பத்திரிக் குரல் எங்கோ போய்விட்டது. "சனிக்கிழமை வாடா மேசைக்கு! வந்து அங்க காட்டு உன்ட கெட்டித்தனத்த! குருவி புடிக்கிறது பெரிய வேலையா?"

"வாறன். மெத்தைக் கதிரையை எடுத்து எறிஞ்சிட்டு என்ரை இடத்தை வைச்சிரு."

அந்தப் பெண் வாக்குத் தராதது எனக்கு நினைவிருந்தது. பறவை வேறு, துரும்பு வேறு. ஆகவே சனிக்கிழமை பஸ்ஸில் அப்பா சந்தோசமாகவும் நான் சங்கடமாகவும் மோர்டென்ஸ்ருட்டுக்குப் போனோம். பின்னறையில் அவர் இடம் காலியாக இருந்தது. எதிரே மாமா. இரண்டு பக்கமும் எதிர் அணிக்காரர். நான் ஜன்னலோரம் நின்றேன், எனக்கு இருக்க முடியவில்லை.

முதல் ஆட்டங்கள் நன்றாகப் போயின. அப்பா கேட்டார், வென்றார். பிறகு மாமா கேட்டு, துரும்பு திறந்து, ஆட்டம் நடுப்பகுதிக்கு வந்தது. மாமா டயமன் ஜாக்கை இறக்கினார். டயமனில் அதற்கு மேல் சீட்டே இல்லை, அந்தச் சுற்றின் பிடி ஏற்கெனவே அவர்களுடையது. எதிரி ஒரு சின்னச் சீட்டைப் போட்டார். அப்பாவின் கையில் டயமன் இல்லை. ஏதாவது ஓர் உதவாத சீட்டைப் போட்டால் போதும். அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு தன் கையிலிருந்த துரும்பு ஜாக்கை, ஆட்டத்திலேயே பெரிய சீட்டை, மேசையில் இறக்கித் தன் கூட்டாளியின் பிடியையே வெட்டினார்.

வலப்பக்கத்தவர் குனிந்து சீட்டை அடுக்கினார். இடப்பக்கத்தவர் முகத்தில் அந்த இளக்கம் வரத் தொடங்கியது. 'பரவாயில்லை அண்ணை' அவர் உதடுவரை வந்துவிட்டது. நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மிச்ச ஆட்டம் சரசரவென்று போனது. ஜாக்குக்கு அடுத்த பெரிய சீட்டான எதிரியின் துரும்பு ஒன்பதைப் பிடிக்க இப்போது ஆள் இல்லை. கேட்ட புள்ளி வரவில்லை. தோல்வி. அப்பா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது.

"டேய்! மொக்கா! எருமை! கூட்டாளிர புடிய எவனாவது வெட்டுவானா? அதும் ஜாக்கால! உனக்கு மண்டைக்குள்ள என்னடா இரிக்கி, குருவிக் கூடா?"

அப்பாவின் முகத்தை நான் என்னவென்று எழுதுவது? ஜூன் மாதத்துக் கடலோரம் மேகம் விலகும்போது ஒஸ்லோ முழுதும் ஒரே நேரத்தில் மேற்சட்டையைக் கழற்றும், அந்த மாதிரி. அவரும் எழும்பினார். அவர் கதிரையும் விழுந்தது.

"நீ கேட்ட கேள்விக்கு நான் வெட்டாம என்ன செய்யிறது? கையிலை ஒண்டுமில்லாம ஊருக்குப் பெருசாக் கேட்டவன் நீ! விசரா!"

"நான் விசரனா? நானா?"

மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள், ஒருவர் அப்பாவுக்கு எதிராக, ஒருவர் மாமாவுக்கு எதிராக. சத்தம் கேட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் நோர்வேஜியர் கதவால் எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா?" என்று என்னைக் கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிகச் சரி" என்றேன். அவர் நம்பாமல் போனார்.

திரும்பும் பஸ்ஸில் இன்னும் வெளிச்சம். குன்றில் பச்சை வந்துவிட்டது. அப்பா ஜன்னலோரம் இருந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சத் தூரம் போனபின் என் பக்கம் சாய்ந்தார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லுறன். துரும்பு எதெண்டு எனக்கு மறந்துதான் போச்சு. சும்மா ஒரு சீட்டெண்டு நினைச்சுத்தான் போட்டனான்."

"தெரியும் அப்பா."

"அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியும் எண்டுதான் நினைக்கிறன்."

"தெரிஞ்சும் ஏசினவனோ?" அவர் யோசித்தார். "எருமை எண்டவன் என்ன? மொக்கன் எண்டும் சொன்னவன்."

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. மாமா. இடைவெளி விடாமல் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். எதிர் இருக்கையில் இருந்தவருக்குக்கூட அவர் குரல் கேட்டது. அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வசதியாக, எழும்பி நின்றார்.

"ஓம், வெட்டினனான்! அடுத்த சனியும் வெட்டுவன்! என்னடா செய்வாய்?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.